கேட்டால் சொல்லலாம்

மான்டனாவில், பியூட் நகரத்து மேட்டுத் தெருவில்
மருந்துக்கடைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
மைலோ வுகோவிச்.
தாமிரச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம்.
வெளியே வந்தும்
எந்தப் படியையும் எண்ணாமல் ஏறாதவர்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை,
முப்பது நாளைக்கு முப்பது.
காப்பீட்டு அட்டையை நீட்டுவார்.
திரை சொல்லும்: நாற்பத்திரண்டு டாலர்.
அட்டையே இல்லாமல் வந்திருந்தால்
அதே டப்பா, அதே முப்பது,
ஒன்பது டாலர்.

பிழை இல்லை. சரியாகத்தான் படித்தீர்கள்.
மிச்சம் முப்பத்துமூன்று எங்கே போகிறதென்று
எனக்கு முழுதாகத் தெரியாது.
எங்கள் தெருப்பக்கம் அது வந்ததில்லை.

ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி:
வாடிக்கையாளர் கேட்டாலொழிய
குறைந்த விலையைக் கடைக்காரர் சொல்லலாகாது.
முதலாளி அதைப் படித்துக் காட்டிவிட்டு
மூக்குக்கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.
"கேட்டால் சொல்லலாம், லோர்னா" என்றார்.

கேட்டால்.

ஊருக்குக் கிழக்கே சுரங்கக் குழி,
விளிம்புவரை நச்சுத் தண்ணீர்.
வலசை வரும் வாத்துகள் அதில் இறங்கிவிடாமல்
வேட்டுப் போட்டு விரட்ட ஆள் வைத்திருக்கிறார்கள்.
வாத்துகள் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

மைலோவும்தான்.
விலை கேட்பது அவருக்கு
பிச்சை கேட்பதற்குப் பக்கத்து வீடு.
நானும் சும்மா இருக்கவில்லை.
"வேற ஏதாவது கேட்கணுமா?"
"பனி எப்போ நிற்கும்?"
இன்னொரு மாதம்,
"விலை கொஞ்சம் ஜாஸ்திதான், இல்ல?"
"எதுதான் இல்ல."
ஒருமுறை அவர் அட்டையை வேண்டுமென்றே நழுவவிட்டேன்.
"இது தொலைஞ்சே போச்சுன்னா என்ன செய்வீங்க?"
"அதோ கிடக்கு" என்று குனிந்தார்,
எழுபத்தாறு வயதில், முட்டி இரண்டும் சொடுக்க.
அதற்குப் பிறகு கொஞ்ச நாள்
அவர் முகத்தைப் பார்த்து நான் பேசவில்லை.

ஜனவரியில் வந்தவர் பிப்ரவரியில் காணோம்.
மார்ச்சில் வந்தார், காதோரம் சிவந்து.
"ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்.
பழைய லாரி.
ஒரு சிலிண்டர் குறைஞ்சாலும் ஓடும்."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்கள்.
வயிற்றை அவர் கட்டிக்கொண்டார்.
வாய் என்னுடையது.

கடையில் வேறு யாருமில்லை.
இருமல் மருந்துகளை நேராக அடுக்குவதுபோல அடுக்கிக்கொண்டு
அவற்றிடம் சொன்னேன்:
"இப்போல்லாம் ஜனங்க என்னென்னவோ கேட்கறாங்க.
அட்டை இல்லாம வாங்கினா எவ்வளவுன்னுகூட
ஒரு அம்மா கேட்டாங்க."
அப்படி ஒரு அம்மா இல்லை.

"அவங்களுக்கு என்ன சொன்னே?"
"நீங்க கேட்கறீங்களா, மைலோ?"

சுரங்கத்துக்குள்
மேற்கூரை முனகும் சத்தம் கேட்டால்
எல்லோரும் அசையாமல் நிற்பார்களாம்.
அப்படி நின்றார்.
தொப்பியின் விளிம்பு அவர் விரல்களில் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"ஆமா" என்றார். "கேட்கறேன்."

பத்து டாலர் கொடுத்தார்.
ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதை அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த விதம்
நன்றி மாதிரி இல்லை.
"எத்தனை வருஷமா இங்க வர்றேன் நான்?"

இந்தக் கேள்விக்கு
எந்தப் பக்கத்திலும் எந்த வரியிலும் தடை இல்லை.
திரையிலேயே இருந்தது, முதல் சீட்டின் தேதி.
காகிதப் பையின் வாயை இரண்டு மடிப்பு மடித்தேன்.
பின் அடித்தேன்.

"பிரி அதை" என்றார்.
"இன்னைக்கு மாத்திரை போடாத நாள்."

தண்ணீர் பிடிக்க உள்ளே போனேன்.
குழாய் நிரம்ப நேரமெடுத்தது;
இல்லை, கோப்பை நிரம்பிப் பல நேரம் கழித்துத்தான்
குழாயை மூடினேன்.