வெறும் எடை

டயர் கம்பெனி காலண்டரில் மார்ச் மாதத்துக்கு
சிவந்த பட்டையோடு ஒரு மரம்.
அடியைக் குடைந்து
அதன் வழியே ஒரு கார் போகிறது.
மே வந்தும் நான் தாளைக் கிழிக்கவில்லை.

என் நிறைமேடைச் சன்னலுக்கு வெளியே
லோரி ஏறும், லோரி இறங்கும்.
மொத்த எடை. வெறும் எடை.
கழித்தால் செம்பனைக் குலை.
பதினெட்டு வருஷமாய்
இந்தக் கழித்தல்தான் எனக்குச் சோறு.

"நம்மகிட்டயே ஒண்ணு இருக்கே"
என்றான் பத்துமலை, லோரிக் கதவில் முழங்கை ஊன்றி.
ஐம்பத்தேழாம் நம்பர் காடு முடிந்து
எல்லைக்கல்லும் தாண்டினால்
துவாலாங்.

ஞாயிற்றுக்கிழமை. தவமணியின் வேன்.
ஆறு பேருக்கு எட்டு நாசி லெமாக்.
குலை வெட்டும் ரபியுலும் வந்தான்,
டாக்காவில் இருக்கும் மகளுக்குப் படம் அனுப்ப.

செம்பனை நிரை முடிந்த இடத்திலேயே
வெயில் நின்றுகொண்டது,
டிக்கெட் எடுக்காதவனைப் போல.
உள்ளே ஈரம். அட்டை.
முதல் அரை மணி நேரம் காட்டில் நாங்கள் பார்த்தது
எங்கள் கால்களைத்தான்.

மரம் என்று நான் நினைத்தது
அதன் ஒரு வேரை.
பலகை பலகையாய்
லயத்துச் சுவரைவிட உயரமாய் அது எழும்பிப் போய்
எங்கோ மரத்தோடு சேர்ந்தது.
தலையைத் தூக்கினேன்.
முதல் கிளைக்குப் போய்ச் சேருமுன்
கழுத்து வலித்தது.
அந்தக் கிளைக்கு அடியில் தேன்கூடுகள்,
ஈரச் சாக்குகளைக் காயப்போட்ட மாதிரி.

யாரும் பேசவில்லை.
ரபியுலின் கை தானாக மேலே போனது,
அரிவாள் இல்லாத கை,
குலை எங்கே என்று.
தவமணி பட்டையில் விரல் வைத்து
சாய்வாக ஒரு கோடு இழுத்தாள்.
பன்னிரண்டு வயதில் பால்மரம் வெட்டிய விரல்.
கீழே மங்கு வைக்க இடம் தேடியவள்
"அடச்சீ" என்று சிரித்து
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

எனக்குக் கணக்கு ஓடியது.
எத்தனை டன்? எத்தனை லோரி?
இதில் வெறும் எடை எது?
எதைக் கழிக்க?

எங்கள் ஊரில் மரத்துக்கு ஓய்வு வயது உண்டு:
இருபத்தைந்து.
தண்டில் துளை போட்டு மருந்து ஏற்றுவார்கள்.
ஓலை தொங்க, நின்றபடியே போகும்.
கோயில் அரசமரமும் சாலையை அகலமாக்கியபோது போனது;
இப்போது இருப்பது
நான் எஸ்.பி.எம். எழுதிய வருஷம் நட்டது.
எனக்கு நாற்பத்துமூன்று.
என்னைவிட மூத்த மரத்தை
அன்றுதான் தொட்டேன்.

இதை மட்டும் ஏன் விட்டார்கள்?
பத்துமலை மூன்று காரணம் சொன்னான்.
தேனீ.
ரம்பத்தின் பல் போய்விடும்.
பேய்.
மூன்றில் ஒன்றிலும்
இதை யாருக்கும் பிடித்திருந்ததாக இல்லை.
சரி,
பயமாவது இருந்ததே.

கைகோத்துச் சுற்றிப் பார்த்தோம்.
வேர்களுக்குள் ஏறி இறங்கி
ஒருவரை ஒருவர் தொலைத்தோம்.
என் இடது கையில் ரபியுல்,
வலது கையில் யாரும் இல்லை.
மறுபக்கமிருந்து தவமணியின் குரல் மட்டும்:
"எட்டல, எட்டல!"
ஏதோ நல்ல செய்தி சொல்வதைப் போல.

ரபியுல் எடுத்த எந்தப் படத்திலும்
மரம் அடங்கவில்லை.
கடைசியில் வேரை மட்டும் அனுப்பினான்.
சுவரா என்று கேட்டாளாம் மகள்.

மிச்சம் இரண்டு பொட்டலம்.
ஒன்றைப் பிரித்து வேரிடுக்கில் வைத்தான் பத்துமலை.
"சாமிக்கா?"
"எறும்புக்கு."

திங்கள் காலை முதல் லோரி ஏறியது.
மொத்த எடை எழுதினேன்.
காலண்டர் இன்னும் மார்ச்சில்தான் இருக்கிறது;
தேதி கேட்கிறவர்களைக்
கைப்பேசியைப் பார்க்கச் சொல்கிறேன்.
கழுத்து வலி புதன்கிழமை வரைக்கும் இருந்தது.
தைலம் தேய்க்கவில்லை.