எழுபத்து நான்கு புள்ளி ஆறு ஏழு

மணிலாவில் நாங்கள் தங்கிய பேட்டைக்குச்
சம்பலோக் என்று பெயர்.
சம்பலோக் என்றால் புளி.
ஏழு மாதம் என் வயிற்றில்
கரைந்துகொண்டிருந்தது அதுதான்.

அறைக்கு நான்கு கட்டில், இரண்டு அடுக்காக.
என் தலைக்கு மேலே ஆர்செலி.
அவள் புரண்டால் என் புத்தகத்தில் துரு உதிரும்.
வரிச்சட்டத்தின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
இன்னும் இருக்கிறது, ஊதினாலும் போகாமல்.

பயிற்சி நிலையத்தில் இருநூறு பேருக்கு நான்கு மின்விசிறி.
திரு. பக்சால் சொல்வார்:
"பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம்,
தூங்குகிறவர்கள் வெளிப்பக்கம்."
அதையும் குறிப்பெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

அப்பா லிபாவில் ஜீப்னி ஓட்டுகிறார்.
வண்டி அவருடையதல்ல. நாள் வாடகை எண்ணூறு,
டீசல் தனி.
மிஞ்சுவது ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் விழும்.
முதல்முறை நான் தோற்ற அன்று
டப்பாவைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு
"இன்னொரு தடவைக்கு இருக்கு" என்றார்.
இருக்கவில்லை.
எனக்குக் கணக்குத் தெரியும்.

மூன்று நாள், ஆறு தாள்.
பெரியம்மா சொன்னபடி சிவப்பு உள்ளாடை.
ஆர்செலி அந்திப்போலோ போய்
மாதாவின் காலடியில் பென்சில்களை வைத்து எடுத்துவந்தாள்,
எனக்கும் சேர்த்து இரண்டு.

தணிக்கைத் தாளில் நாற்பத்தோராவது கேள்வி:
கையிருப்பு குறைந்துகொண்டே வருகிறது,
காசாளர் ஒருநாள்கூட விடுப்பு எடுப்பதில்லை,
நீங்கள் முதலில் யாரைச் சந்தேகிப்பீர்கள்?
வட்டத்தைக் கருப்பாக்கினேன்.
பிறகு, ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத அப்பா.
அழித்தேன்.
மறுபடி கருப்பாக்கினேன்.

எல்லாம் முடிந்த மாலை, திரும்பும் ஜீப்னியில்
கடைக்கோடியிலிருந்து ஒருவர் கை நீட்டினார்.
இருபது பெசோ தாள்.
என் கை, ஒரு பள்ளிச் சிறுமியின் கை,
மீன்வாடை அடித்த இன்னொரு கை.
ஓட்டுநர் திரும்பாமலே வாங்கினார்.
மீதி ஏழு பெசோ வந்த வழியே
கை மாறி மாறிப் போய்ச் சேர்ந்தது.
ரசீது இல்லை. மேலொப்பம் இல்லை.
ஆறு தாள் எழுதியவள்
வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்,
பிறந்ததிலிருந்து பார்த்துவருவதை.

முடிவு ஒரு செவ்வாய் இரவு வந்தது.
எங்கள் குடும்பப்பெயர் டிமாகுலாங்கன்.
குறைக்க முடியாதவர் என்று அர்த்தம்;
இதைச் சொல்லிச் சிரிக்காத ஒரு டீசல்காரனும் லிபாவில் இல்லை.
அகரவரிசையில் சீக்கிரமே இருந்தேன்,
முந்நூற்றுப் பதினேழாவது பெயர்.

ஆர்செலி, வில்லாரூஸ் குடும்பம்.
கடைசிப் பக்கம் வரை போக வேண்டும்.
மேல்கட்டிலில் அவள் போய்க்கொண்டிருந்தாள்.
கைப்பேசி வெளிச்சம் கூரையில் ஊர்ந்து
ஓரிடத்தில் நின்றது.
வெகுநேரம்
துரு உதிரவே இல்லை.

அவள் சராசரி
எழுபத்து நான்கு புள்ளி ஆறு ஏழு.
எழுபத்தைந்து வேண்டும்.
ஆறு தாளுக்கும் சேர்த்து இரண்டே மதிப்பெண்.
பெருக்கிக் கழித்துப் பார்த்தது நான்,
சொல்லவில்லை. அவளுக்கு வராத கணக்கா.
மிச்சமிருந்த சீவாத பென்சிலை
அவள் தலையணைக்கடியில் வைத்தேன்.
எடுத்து எறிந்தாள்.
விடியுமுன் இறங்கிவந்து
கட்டிலடியில் துழாவியது கேட்டது.
தூங்குவதுபோல் கிடந்தேன்.

லிபா முச்சந்தியில் சித்தப்பா பேனர் கட்டியிருந்தார்.
கதவளவு என் முகம்.
கீழே குடும்பப்பெயரில் ஓரெழுத்தைக் காணோம்.
தலைமுறை தலைமுறையாக யாராலும் முடியாததை
அச்சகத்துக்காரன் முடித்துவிட்டான்.

அதன்கீழே வண்டியை நிறுத்தி
அன்றைய வாடகையை நீட்டினார் அப்பா.
"எண்ணு, லைசென்ஸ் வாங்கினவளே."
எண்ணூற்றில் இருபது குறைந்தது.
அவர் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
என் பையிலிருந்து ஒரு தாளைச் செருகி
"சரியா இருக்கு" என்றேன்.

இதைத்தான், இதையேதான்,
செய்யக்கூடாது என்று
இரண்டு முறை படித்தேன்.