ரைட்டு

ஏழு மாதமாக எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில்
ஒரே ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.
அவன் சொல்வான். நான் கிளப்புவேன்.
வெள்ளகோவில், முத்தூர், கொடுமுடி,
திரும்பக் கொடுமுடி, முத்தூர், வெள்ளகோவில்.
அர்த்தநாரி பின்படியில். நான் முன்னால்.
இடையில் அறுபது தலை, நாலு கூடைத் தக்காளி,
காலைக் கட்டிப்போட்ட சேவல் ஒன்று.

சண்டை இதுதான்:
வளைவில் புங்கமரம் உரசி
இடப்பக்கத் தகரம் மூணு முழத்துக்குக் கிழிந்தது.
எதிரே வந்த லாரிக்காரன் ஒடித்துவிட்டான் என்றேன்.
ஓனர் அர்த்தநாரியைப் பார்த்து
"இவஞ் சொல்றது ரைட்டா?" என்றார்.
"லாரியே வருலீங்க" என்றான்.
சம்பளத்தில் நாலாயிரம் போயிற்று.
பேச்சை விட்டுவிட்டோம்.
பஸ்ஸை விட்டாக வேண்டுமே.

ஒரு ரைட்டு என்றால், போ.
ரெண்டு ரைட்டு ஒட்டிக்கொண்டு வந்தால்
அடுத்த நிறுத்தத்தில் இறங்க ஆளில்லை, மிதி.
ரை...ட்டு என்று இழுத்தால்
பால்கேனோடு ஒருத்தி இன்னும் ஒரு காலைத்
தரையில் வைத்திருக்கிறாள், கிளட்சிலேயே இரு.
வாயைத் திறக்காமல் தகரத்தை மட்டும் தட்டினால்
அன்றைக்கு அவனுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை.
இதையெல்லாம் என் முதுகுதான் படித்துக்கொண்டது.

இடப்பக்கப் படியில் நின்று ரைட்டு என்பான்.
லெப்ட்டில் திரும்பினாலும் ரைட்டுதான்,
நேரே போனாலும் ரைட்டுதான்.
மகளின் கணக்கு நோட்டில் சிவப்பாக ஒரு கொக்கி, அதுவும் ரைட்டு.
கைமாற்றுக் கேட்டால் மச்சினன் "ரைட்டுங் மாப்ள" என்பான்.
போனை வைக்கிறேன் என்று அர்த்தம்.
எனக்குக் கல் இருப்பது ரைட் சைடு.
மூன்றாம் சீட்டு டீச்சர் ஒருநாள்
பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார்,
உரிமை என்றும் அதற்குப் பொருளாம்.
கண்ணாடியில் அர்த்தநாரியைப் பார்த்தேன்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.
கண்டதைக் கண்டபடி சொல்ல
அவனுக்கு அது இருந்ததோ என்று
யோசித்தபடியே ஒரு நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.
"ஹோல்டேன்! ஹோல்டேன்!"
ஆமாம், இப்படி ரெண்டாவதாக ஒரு சொல்லும் உண்டு.
கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

ஐப்பசி. கடைசி நடை. விடாத மழை.
பாலத்துக்கு முன்னால் ரோட்டைத் தண்ணீர் தின்றிருந்தது.
பின்னால் எடுத்தால்தான் உண்டு.
பக்கத்திலேயே வாய்க்கால், கரை தொட்டு ஓடுகிறது.
கண்ணாடியில் இருட்டும் என் முகமும்.
அவன் இறங்கினான்.
செல்போன் வெளிச்சம் ஒரு பூச்சி அளவுக்குத் தெரிந்தது.
"வரட்டும்... வரட்டும்...
ரைட்ல ஒடி... போற ரைட்டு இல்லடா,
கைப்பக்க ரைட்டு... ஒடி, ஒடி,
இன்னுஞ் சித்தெ... ரிட்டன் பண்ணிக்க...
பயப்படாத வா, நா நிக்கறனில்ல..."
ஏழு மாதத்தையும் ஒரே மூச்சில் இறக்கினான்.
லாரியே வரவில்லை என்ற அதே வாய்
இன்னும் இடமிருக்கிறது என்றது.
பின்னால் விட்டேன்.

திருப்பி நிறுத்தினேன்.
சொட்டச் சொட்ட ஏறிப் படியில் நின்றான்.
சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.
வைப்பர் நாலு தரம் போய் வந்தது.
இந்த நேரத்தில் சேவல் கூவியது, யாரோ சிரித்தார்கள்.
டிரைவர் கேட்கிற வழக்கமில்லை.
ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் கேட்டேன்,
"ரைட்டா?"
கொஞ்சம் பொறுத்து,
"ரைட்டு" என்றான்.

பதிலா, கிளம்பச் சொன்னானா, தெரியவில்லை.
ஃபஸ்ட் கியர் விழ மறுத்தது.
மறுபடி போட்டேன்.