மை போகாத இடம்

செவ்வாய்க்கிழமைதோறும் எல்வாவிலிருந்து
மில்வி முட்டைகளைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவருவாள்.
காரின் முன் இருக்கையில், பெல்ட் போட்டு,
நாலு டஜன்.
"சூடு குறையவில்லை" என்பாள், ரசீதை நீட்டுமுன்பே.

நான் ஆராய்ச்சியாளர் அல்ல. ஊசி பிடிப்பவள்.
கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி இழுத்து
முடியினும் மெல்லிய முனை எடுப்பேன்.
ஓட்டில் ஒரு ஜன்னல் வெட்டி
நாலாம் நாள் கருவின் குழாயொன்றில் கறுப்பு மை ஏற்றுவேன்.
மற்றதை இதயம் பார்த்துக்கொள்ளும்.
கடுகளவு இதயம்,
திங்கட்கிழமைச் சோம்பல் அறியாதது.

இறக்கை அப்போது இறக்கை இல்லை.
விலாவோரம் ஒரு புடைப்பு,
நுனி தேய்ந்த துடுப்பு.
மை உள்ளே நுழைந்து
தோலடியில் ஓர் இழை விளிம்பு தவிர
மூலை முடுக்கெல்லாம் வலை பின்னிவிடும்.

மறுநாள், வேறு முட்டை, அதே மை.
நடுவில் மட்டும் மை போகவில்லை.
ஊசி அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன்.
என் அழுத்தம் போதவில்லை என்று நினைத்தேன்.
முதல் வருடத்து நோட்டில்
ஒரு மாதம் முழுக்க ஒரே சொல்:
தவறு. தவறு. தவறு.

பிறகொரு மதியம்
ஏழாம் நாள் இறக்கையை நீலச் சாயத்தில் ஊறவைத்த படத்தையும்
என் தவறு ஒன்றின் படத்தையும்
ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்று பிடித்தேன்.
மை விட்ட இடத்தில்
நீலம் உட்கார்ந்திருந்தது.
ஒரு தண்டு, அது பிளந்து இரண்டு:
சிறுவன் ஒருவன் கவணுக்காக ஒடித்த கிளை மாதிரி
குருத்தெலும்பு.

ரத்தம் விலகியதால் செல்கள் கூடினவா,
செல்கள் கூடியதால் ரத்தம் விலகியதா?
அந்தக் கேள்விக்குத்தான் ஹெல்யுவுக்குச் சம்பளம்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
யாரும் போகச் சொன்ன சத்தம் கேட்கவில்லை.
ஆனால் நடுவழியெல்லாம் காலி,
அந்தக் காலியில் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு
இன்னும் பெயரில்லாத ஒரு முழங்கை.

பிப்ரவரியில் பாலத்தில் வழுக்கினேன்.
கீழே எமயோகி, பனிக்கட்டியாய்.
வலது முன்கை, இரண்டு எலும்பும்.
கவண் கிளையின் இரண்டு கிளையும் என்று
வலியிலும் கணக்குப் பார்த்தது மூளை.
செவ்வாய்க்கிழமையானதால் மில்விதான் பார்த்தாள்.
முட்டைகளைப் பின்னால் தள்ளி
அவற்றின் கம்பளியில் என் கையைச் சுற்றினாள்.
பெல்ட்டும் போட்டாள்.

ஆறு வாரம் மாவுக்கட்டு.
இடக்கையால் முயன்றேன்:
மூன்று முட்டை முழுக்க மை,
என் மூக்கிலும் கொஞ்சம்.
யூலோ சிரிக்காமலிருக்கக் கழிவறைக்குப் போய்விட்டான்.

எலும்பு மருத்துவர் ரைவோ
படத்தைப் பேனாவால் தட்டிச் சொன்னார்:
"முறிந்த இடத்தில் நேரே எலும்பு வருவதில்லை.
பெரும்பாலும் முதலில் குருத்தெலும்பு.
அப்புறம் ரத்தக்குழாய்கள் உள்ளே வரும்,
வந்த பிறகுதான் எலும்பு.
உங்களுக்கு இது புரியாமல் இருக்கலாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு கட்டுக்குள் அரிப்பு.
பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொண்டே நினைத்தேன்:
ஐம்பத்துமூன்று வயதில்
என்னைக் கேட்காமல் என் கை
கருவறை வேலையைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது.
அன்று விலகிப் போனது
இப்போது எந்தச் சந்து வழியாக
நுழைந்துகொண்டிருக்கும்?
இதற்கு ஜன்னல் வெட்ட ஆளில்லை.
மை ஏற்றவும் ஆளில்லை.
நல்லதுதான்.

ஏப்ரலில் கட்டைப் பிரித்தார்கள்.
தோல் செதில் செதிலாய், கை பாதியாய்.
படத்தில் முறிவின்மேல் ஒரு வெள்ளைப் புடைப்பு.
"இது போகுமா?"
"மெதுவாகச் செதுக்கிக்கொள்ளும்."

வெளியே ஆறு உடைந்து ஓடிக்கொண்டிருந்தது.
மில்வி காரை நிறுத்தியிருந்தாள்,
முன் இருக்கையில் முட்டைகள்.
"நீ பின்னால் ஏறு," என்றாள்,
"உனக்குத்தான் குணமாகிவிட்டதே."