அட்டைக்குப் பின்னால்

தக்கலையில் மழை. அச்சகத்து மாடியில்
நாலு பேர், ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கு.
இன்றைக்கு இவர்கள் பிடிபட்டாக வேண்டும்.
சிறை இருந்தால்தான் அடுத்த ஞாயிறு இருக்கும்.
போன வாரமே எழுதிவிட்டேன்,
விலங்கின் எடையைக்கூட.

ஸெலின் ஜினு உருட்டினாள்.
இருபது முகப் பகடை
கிழங்குத் தட்டில் மோதி
இருபதில் நின்றது.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து
தூங்காமல் வந்தவள்.
"கதவு விழுந்துதா?"

அட்டை மறைப்புக்குப் பின்னால்
தளபதிக்கு இன்னும் முந்நூறு வீரர்களை
அப்போதுதான் பெற்றுக்கொண்டிருந்தேன்.
"விழுந்தது. ஆனா..."

"டாக்டர்மாரும் இப்பிடித்தான் இழுப்பாவ"
என்றபடி வாளைக் கீழே போட்டாள்,
இல்லாத வாளை, சத்தம் கேட்கும்படி.
"கெட்டும். ஆனா கதவு விழுந்துதுன்னு
எழுதி வையும்."

எழுதினேன்.
முந்நூறை அடித்து
நாற்பது என்று திருத்தினேன்.