ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது மணி

டுலூத் நகரப் பேருந்தில்
என் மடியில் ஒரு தலை.
பையின் வாயை எவ்வளவு இறுக்கினாலும்
ஒரு கற்றை வெளியே தொங்கத்தான் செய்கிறது.
காலணிப் பனியைத் தட்டிக்கொண்டிருந்த எதிர் இருக்கைக்காரர்
தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.
"பள்ளிக்கூடத்துக்கு" என்கிறேன்.
அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

தலையின் பெயர் பெவர்லி.
வைத்தவள் கெசாயா, வயது பதினெட்டு,
எனக்கு அடுத்த கண்ணாடி.
என் இருபத்தொன்பது வயதை
யாருக்கோ வந்த நோய்போல் குரல் தாழ்த்தி விசாரிப்பாள்.
"காலேஜ் முடிச்சீங்களா? முழுசாவா?"
முழுசாகத்தான்.
புவியியல். நான்கு வருடம். கறுப்பு அங்கி. சதுரத் தொப்பி.
அதற்கு இன்னும் பதினோரு வருடம்
மாதம் இருநூற்று எழுபது டாலர்.

பிறகு ஐந்து வருடம் மாவட்ட அலுவலகத்தில்
மழைநீர் வடிகால்கள் வரைந்தேன்.
நீலத்தில், விதித்த தடிமனில்.
நான் வரைந்த எதிலும்
என் கால் ஒருநாளும் நனைந்ததில்லை.

பட்டத்தை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல
நல்ல காரணம் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன்.
உண்மையில் நடந்தது இது:
கணக்குப் பிரிவு டோரீன்
பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்குக்குக் கிளம்புமுன்
கழிவறைக் கண்ணாடி முன் நின்றிருந்தாள்.
கை நடுங்கியது, கொண்டை நிற்கவில்லை.
நான் போட்டுவிட்டேன்.
ஏழு ஊசி. எட்டாவது என் தலையிலிருந்து.
கழுத்தோரம் அவளுக்கு வியர்த்திருந்தது.
மறுநாள் எட்டையும் ஓர் உறையில் போட்டுத் தந்தாள்.
"தோத்துட்டேன்" என்றாள்.
"ஆனா நாலு மணி நேரம், ஒரு முடிகூட அவிழல."

அந்த உறையை
சம்பளச் சீட்டுகளுக்கு மேல் வைத்தேன்.
மார்ச்சில் ராஜினாமா.

அப்பா துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றுகிறவர்.
தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "அந்தச் சட்டம் போட்ட காகிதம்?"
"சுவத்துலயே இருக்கட்டும்பா."
"அது இப்ப கராஜுலதான் இருக்கு,
ஃப்ரீசருக்கு மேல" என்றார்.
எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது டாலருக்கு முடிவெட்டு,
மாணவர்கள் வெட்டுவார்கள், பொறுப்பில்லை என்று
வாசலில் பலகை.
வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தவர் லிண்ட்ஸ்ட்ராம்.
நிலப்பட வகுப்பு, மூன்றாம் ஆண்டு.
என் மார்பில் "சிக்னி, மாணவி" என்று இருந்தும்
அவருக்கு நினைவில்லை.
அன்றும் நான் அவருக்கு மாணவிதான், பெயர் தெரியாத மாணவி.
உச்சியில் சுழி இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
அதன் போக்கிலேயே வெட்டினேன்.
காதுக்குப் பின்னால், அவர் எந்தக் கண்ணாடியிலும்
பார்த்திருக்க முடியாத இடத்தில்
ஒரு மச்சம். இரண்டு நிறம்.

என் நிலப்படத்தில் ஒருமுறை
சிவப்பு மையால் எழுதியிருந்தார்: எல்லை தெளிவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே வெட்கமும்.
"சார், இங்கே ஒரு மச்சம் இருக்கு" என்றேன்,
"ஓரம் சரியா இல்ல. டாக்டர்கிட்ட காட்டிடுங்க."
விரலைக் கொண்டுபோய்த் தேடினார், கிடைக்கவில்லை.
அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

ஒன்பது டாலர். மேலே இரண்டு.
காட்டினாரா என்பது எனக்குத் தெரியாது,
திரும்ப வரவில்லை.
என் அட்டையில் முக்கால் மணி ஏறியது.

மீதி அறுநூற்றுப் பன்னிரண்டே கால்.
பேருந்துச் சன்னலில் ஏரி இல்லை, இருட்டுதான்.
நாளை பெவர்லிக்குச் சுருள்முடி.
அந்த மருந்து அழுகிய முட்டைபோல் நாறும்,
மூன்று நாள் கையை விட்டுப் போகாது
என்கிறாள் கெசாயா,
எனக்கு மூத்தவள்போல.