பட்டியலில் இருப்பவை

ஆகஸ்ட் ராத்திரி. காவலூர் முழுக்க மேகம்.
குவிமாடத்துக் கதவு திறக்கவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பல்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவுகிறேன்.
கண்ட்ரோல் ரூமில் பேப்பரை விரித்து
"புளூட்டோவை எடுத்துட்டாங்க, சின்னாண்டி" என்கிறார்
சுகந்தவல்லி மேடம்,
யாரையோ வேலையிலிருந்து எடுத்ததுபோல.

எங்கோ ஒரு நகரத்தில்
நானூற்றுச் சொச்சம் பேர்
மஞ்சள் அட்டையைத் தூக்கினார்களாம்.
சூரியனைச் சுற்ற வேண்டும்:
அது தன் பாட்டுக்கு
இருநூற்று நாற்பத்தெட்டு வருஷத்துக்கு ஒரு சுற்று வருகிறது.
உருண்டிருக்க வேண்டும்: உருண்டைதான்.
அப்புறம்,
போகிற வழியைத் தானே கூட்டிப் பெருக்கியிருக்க வேண்டும்.
கூட ஓடுகிற சில்லறைக் கல் இருக்கக் கூடாது.

"வியாழன் கூடவும் ஆயிரக்கணக்கில் கல்லு ஓடுதே மேடம்,
போன மாசம் நீங்கதான் காட்டினீங்க."
சிரித்துவிட்டார்.
"பெரியவன் கூட வந்தா பரிவாரம்.
சின்னவன் கூட வந்தா கூட்டம்."

"சூரியன்னா எந்தச் சூரியன்?"

"நம்மது. வேற நட்சத்திரத்தைச் சுத்துறது
இந்தக் கணக்கிலேயே வராது."

டீ ஆறிவிட்டது.
குவார்ட்டர்ஸில் மச்சான் மாதையன் படுத்திருக்கிறான்,
பர்கூர் மலையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவன்.
அதே சாமைச் சோறு. அதே பேச்சு.
அக்காவைக் கொடுத்த வீடு என் வீடு.
சாதிச் சான்றுக்காக
இன்றைக்கு வாணியம்பாடி தாலுகா ஆபீஸ் போனோம்.
கிளார்க் ஒரு தாளை எடுத்து விரலை ஓட்டினார்:
மலையாளி, அடைப்புக்குறிக்குள்
தர்மபுரி, வட ஆற்காடு, சேலம்...
"ஈரோடு இதுல இல்லையேப்பா."

வட ஆற்காடுன்னு இப்போ ஒரு மாவட்டமே இல்லையே சார்?

"அது இருக்கு. தாள்ல இருக்கு."

ஆகவே என் பிள்ளை பழங்குடி.
பிள்ளையின் தாய்மாமன் இல்லை.
நடுவில் யாரும் நகரவில்லை.
மலைகூட நகரவில்லை.

மூன்று மணிக்கு மேகம் கிழிந்தது.
ஓடி மோட்டாரைத் தட்டினேன்,
குவிமாடம் இடியாக உருண்டது.
மேடம் சொன்ன எண்ணுக்குத் தூரநோக்கியைத் திருப்பினேன்,
பெயரில்லாத ஒரு நட்சத்திரம்.
நாலு மணிவரை ஒரே வெளிச்சம்.
பிறகு நூற்றில் ஒரு பங்கு குறைந்தது,
யாரோ விளக்குக்குக் குறுக்கே நடந்ததுபோல.
மேடம் மூச்சு விடவில்லை.

பதிவேட்டில் நேரம் எழுதினேன். காற்று எழுதினேன்.
'பொருள்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன்.

விடிந்ததும் மாதையன் கேட்டான்:
"ராத்திரி என்னய்யா சத்தம்?"
"கூரை தொறந்துச்சு."
"என்ன தெரிஞ்சுது?"
"ஏதோ ஒண்ணு குறுக்கே போச்சு.
கோளான்னு கேக்காத.
எங்க மலையில
கோள்னா அடுத்தவனைப் பத்தி
அவன் இல்லாதப்போ பேசறது."

ஆலங்காயம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.
சான்று விண்ணப்பத்தை நாலாக மடித்து
அவன் சட்டைப் பையில் வைத்தான்.
பனியில் நின்றோம்.